மாடி அறைக்கு இன்னொரு ரூட்டர்

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கொழுந்தன் சின்னவன், தன் கடையிலிருந்து கொண்டுவந்த பழைய ரூட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்தவன், மூக்குக்கண்ணாடிக்கு அரைத்த வில்லையைச் சோதிப்பதுபோல அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். இருபது வருஷமாகக் கண்ணாடிக் கடையில் வில்லை அரைப்பவனுக்கு எதைத் துடைத்தாலும் வெளிச்சத்தில் பார்த்தாக வேண்டும்.

“போதும், அது தேய்ஞ்சிடப் போகுது. குடு இப்படி,” என்று வாங்கி, லேப்டாப்போடு ஒரு சின்னக் கேபிளால் இணைத்தாள். “முதல்ல இதோட வாயை அடைக்கணும்.”

“இதுக்கு வாய் எங்க இருக்கு?”

“வீட்டுக்குள்ள வர்ற ஒவ்வொரு போனுக்கும் ரூட்டர்தான் ஒரு நம்பர் குடுக்கும். டிவிகிட்ட இருக்கிற பெரியதும் குடுக்கும், இந்தச் சின்னதும் குடுக்கும். ரெண்டும் குடுத்தா குழப்பம்தான். அதனால அந்த அதிகாரத்தைப் பெரியதுகிட்டயே விட்டுட்டு, இது பேசாம கீழ வர்றதை மாடியில சேர்த்தா போதும்.”

“என்னை மாதிரின்னு சொல்லுங்க.”

“நீ என்னைக்குப் பேசாம இருந்திருக்க?”

சிரித்தான். அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற பையன். இப்போது காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு அவன் தம்பிதான், நீதான். அவனுக்கு அவள் அண்ணி, நீங்க.

அவள் இணையச் சேவை தரும் நிறுவனம் ஒன்றின் உதவி மையத்தில் வேலை பார்த்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று கேட்பதும், அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்வதும்தான் நாள் முழுக்க அவள் வேலை. இன்று விடுப்பு. கொழுந்தனுக்காக எடுத்த விடுப்பு. அது அவள் கணவருக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். வேறு ஊரில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, இவன் கடையில் சொல்லி வைத்துத் தபாலில் மூக்குக்கண்ணாடி வரவழைத்திருக்கிறாள். இடது கண் வில்லை சரியில்லை என்று கடைக்குப் போன் செய்தாள். எடுத்தவன் இவன். புதிதாக அரைத்து அனுப்பினான். அதுவும் சரியில்லை. மறுபடி அரைத்தான். வில்லை ஒருவழியாகச் சரியான பிறகும் பேச்சு நிற்கவில்லை. அவளுக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. அவளும் தனியாகத்தான் இருந்தாள். மாடி அறையில் மொபைல் சிக்னலும் சரியாக வராது என்பதால் இவன் தினமும் கடையிலிருந்து திரும்பும் வழியில் பூங்கா மதில்மேல் உட்கார்ந்து பேசிவிட்டு வருவான். இன்றைக்குச் சாயங்காலம்தான் முதல்முறையாக முகம் பார்த்துப் பேசப் போகிறார்கள். அதைப் பூங்காவில் வைத்துக்கொள்ள அவனுக்கு மனமில்லை.

“கூடத்துலயே பேசேன். என்ன ஆகிடும்?” என்று அவள் கேட்டிருந்தாள்.

“அண்ணன் வீட்டுல இருப்பாரு. தெரிஞ்சா நாளைக்கே ஊரைக் கூட்டிடுவாரு. அந்தப் பொண்ணு பயந்து ஓடிடும். முதல்ல நாங்க பாத்துக்கிறோம். அப்புறம் நானே சொல்றேன், அண்ணி.”

அதனால்தான் இந்த இன்னொரு ரூட்டர். நேற்று மாலை அவனே படிக்கட்டுச் சுவரோரமாகக் கேபிளை இழுத்து, கிளிப் வைத்து ஆணி அடித்தான். பேருந்து ஓட்டிக் களைத்து வந்த அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “எதுக்குடா இவ்ளோ பாடு?” என்று கேட்டார். “படம் பாக்கத்தான்,” என்றான். “வயசான காலத்துல படம் ஒண்ணுதான் குறைச்சல்,” என்று அவர் குளிக்கப் போய்விட்டார். கொழுந்தனும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

பெரிய ரூட்டருக்கு என்ன பெயரோ, என்ன பாஸ்வேர்டோ, அதையே சின்னதற்கும் கொடுத்தாள். நம்பர் கொடுக்கும் வேலையை அணைத்தாள். “கொண்டு போய்ப் படிக்கட்டு முடியிற இடத்துல வை. நேத்து இழுத்த கேபிளைச் சொருகு. பச்சை எரியுதான்னு பாரு.”

போனான். பச்சை எரிகிறது என்று மேலேயிருந்து குரல் கொடுத்தான். போன் சார்ஜரை மறந்துவிட்டேன் என்று இறங்கினான். மறுபடி ஏறினான். அவள் தன் போனை மேசைக் காலில் சாய்த்து வைத்து, அவனுக்கு வீடியோ கால் போட்டாள்.

“தெரியுதா, அண்ணி?”

தெரிந்தான். இரண்டு வார்த்தை பேசியதும் வாயைப் பாதி திறந்தபடி உறைந்துபோனான். ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். படம் மறுபடி அசைந்ததும், “இந்த மூஞ்சியோட உறைஞ்சு நின்னா அந்தப் பொண்ணு போனை வெச்சிடும்,” என்றாள்.

“எதனால அப்படி நிக்குது?”

“அக்கம்பக்கத்து ரூட்டர் எல்லாம் ஒரே பாதையில போகுது. நெரிசல். உன்னை வேற பாதைக்கு மாத்துறேன், இரு.” மாற்றினாள். கால் துண்டித்து, மறுபடி சேர்ந்தது. இப்போது அவன் முகம் தெளிவாக இருந்தது. மேலுதட்டில் வேர்வை துளிர்த்திருப்பதுகூடத் தெரிந்தது.

“ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?”

“ஏறி இறங்கினதுல மூச்சு வாங்குது.”

“வயசாகுதுல்ல, மாப்பிள்ளை.”

“சும்மா இருங்க. இந்தச் சட்டை போதுமா, நீலத்தைப் போடட்டுமா?”

“அவ உன்னைப் பாக்கப் போறாளா, சட்டையைப் பாக்கப் போறாளா?”

“என்னைப் பாக்காம இருக்கணும்னுதான் சட்டை. நீலத்தைப் போட்டுக் காட்டுறேன், பாத்துச் சொல்லுங்க. கதவையும் சாத்திக்கிறேன், அப்பவும் வருதான்னு தெரிஞ்சிடும்.” கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. “அண்ணி, இப்ப…”

அவ்வளவுதான். போனில் வெறும் கூரை தெரிந்தது.

“தம்பி, சத்தம் வரல,” என்றாள்.

பதில் இல்லை. கதவு சாத்தியதும் சிக்னல் விட்டுப்போயிருக்கும் என்று லேப்டாப் பக்கம் திரும்பினாள். அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. எங்கே தவறு என்று தேடத் தொடங்கினால் அவளுக்குத் தன்னை அறியாமல் வேலைக் குரல் வந்துவிடும். “லைன்லயே இருங்க, சார். உங்க பிரச்சினையைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்,” என்றாள். அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் தேடினாள். “தம்பி, உனக்காவது என் குரல் கேக்குதா? கேட்டா கையை ஆட்டு.”

போனைப் பார்த்தாள். கூரை. கூரையின் நடுவே மின்விசிறி.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு தடங்கலும் இல்லாமல், சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. படம் நிற்கவில்லை. சிக்னல் போகவில்லை. காதைக் கிட்டே கொண்டுபோனாள். விசிறியின் சத்தம்கூடக் கேட்டது.

லேப்டாப் மடியிலிருந்து சரிந்தது. படிகளில் எப்படி ஏறினாள் என்று தெரியாது. கதவைத் தள்ளினாள். பாதிதான் திறந்தது. ஒருக்களித்து உள்ளே நுழைந்தாள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே, கால் கதவுப் பக்கமாக நீண்டிருக்க, அவன் விழுந்து கிடந்தான். நீலச் சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டியிருந்தான். போன் கட்டிலில் மல்லாந்து கிடந்தது.

“தம்பி,” என்று கத்தினாள். கீழே கூடத்தில் கிடந்த அவள் போனிலிருந்து ஒரு பெண் “தம்பி” என்று கத்தியது கேட்டது. வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று ஒரு கணம் நம்பினாள். யாராவது வந்து பாருங்கள் என்று கத்தினாள். கீழே அந்தப் பெண்ணும், ஒரு நொடி பின்னால், அதையே கத்தினாள்.

வந்தது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. அளவெடுக்கும் நாடா கழுத்தில் தொங்கியபடியே ஓடிவந்தார். அவர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது வரும்வரை அவள், உதவி மையத்தில் எப்போதோ ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். மணிக்கட்டு மரத்துப்போனது. நிறுத்தத் தெரியவில்லை.

ஆம்புலன்ஸில் வந்த இருவரில் மூத்தவர் அவள் தோளைத் தொட்டு விலக்கினார். குனிந்து பார்த்தார். ஏதோ கருவியை ஒட்டினார். அதில் வந்த கோட்டைப் பார்த்துவிட்டுத் தன்கூட வந்தவரைப் பார்த்தார். பிறகு இருவரும் அவசரப்படுவதை நிறுத்தினார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“எப்பம்மா விழுந்தாரு?”

“பேசிக்கிட்டே இருந்தாரு.”

“சரி, எவ்வளவு நேரம் முன்னால?”

“பேசிக்கிட்டேதாங்க இருந்தாரு. சட்டை மாத்தப் போனாரு.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. “இதயம் ஒரேயடியா நின்னுருக்கு. டாக்டரே பக்கத்துல இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது,” என்றார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வாரோ என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அவளும் தினம் எத்தனையோ பேரிடம், உங்கள் மேல் தவறில்லை, சார் என்று சொல்கிறவள்தான்.

அவனைத் தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டு, டாக்டர் ஒருவர் வந்து பார்த்து எழுதித் தருவார் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். நீலச் சட்டையின் மற்ற கை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை மாட்ட முயன்றாள். முடியவில்லை.

“கையை மேல தூக்காதம்மா,” என்றார் தையல்காரம்மா. “சட்டைக் கையைச் சுருட்டி, உன் கையை அதுக்குள்ள விட்டு, அவர் விரலைப் பிடிச்சு இழு. குழந்தைக்குப் போடுறாப்ல.”

அப்படியே செய்தாள். கை வந்துவிட்டது. பொத்தான்களைப் போட்டாள். நீலம் அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது.

கணவர் வண்டி ஓட்டும்போது போனை அணைத்து வைத்துவிடுவார். டிப்போவுக்குக் கூப்பிட்டாள். எடுத்தவர், “கடைசி நிறுத்தத்துக்கு வந்ததும் சொல்லிடுறோம். என்ன விஷயம்னு சொல்லட்டும்?” என்றார்.

“தம்பிக்கு முடியலன்னு சொல்லுங்க.”

“எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டா?”

“வீட்டுக்கு வரச் சொல்லுங்க,” என்றாள். எதிர்முனையில் குரல் தணிந்தது. “சரிம்மா,” என்றார்.

கணவர் மதியத்துக்குப் பிறகு வந்தார். சீருடையில் இருந்தார். வாசலில் நின்ற தையல்காரம்மா ஒதுங்கி வழிவிட்டார். இவள் எழுந்தாள். வாயைத் திறப்பதற்குள் அவர், “மேலயா?” என்றார். தலையசைத்தாள். போனார். மேலே ஒரு சத்தமும் இல்லை. நெடுநேரம் இல்லை. அழுவார், கத்துவார், குறைந்தது டேய் என்றாவது கூப்பிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

இறங்கி வரும்போது பாதிப் படியில் நின்றார். சுவரில் ஒரு கிளிப் சரியாக அறையப்படாமல் கேபிள் துருத்திக்கொண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது மறுபடி வெளியே வந்தது. மறுபடி அழுத்தினார். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நெட்டு வந்துச்சா?” என்று கேட்டார்.

“வந்துச்சு.”

“நல்லா வந்துச்சா?”

“நல்லா வந்துச்சுங்க.”

தலையை ஆட்டிக்கொண்டார். “காலைல நான் கிளம்பும்போது தூங்கிக்கிட்டு இருந்தான். எழுப்ப வேணாம்னு போயிட்டேன்,” என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை. தையல்காரம்மா டாக்டரைக் கையோடு கூட்டிவரக் கிளம்பினார். உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும். யாருக்கு முதலில் என்று இருவருமே பேச்செடுக்கவில்லை. சொல்லத் தொடங்கிவிட்டால் அது நடந்ததாகிவிடும்.

சின்னவனின் போனை யாரோ எடுத்துவந்து டிவி மேசையில் வைத்திருந்தார்கள். அது அடிக்கத் தொடங்கியது.

அவர் எட்டிப் பார்த்தார். “இடது கண்ணுன்னு வருது,” என்றார். “கடையில இருந்தா?”

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. இந்த நாளில் இப்படி ஒரு வேளை வரும் என்பதை அவள் முழுக்க மறந்துபோயிருந்தாள். போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

“யாருன்னு பாத்து எடுத்துச் சொல்லிடு. கடையில காத்துக்கிட்டு இருப்பாங்க,” என்றார் அவர்.

எடுத்தாள். திரையில் ஒரு பெண் முகம். மூக்குக்கண்ணாடி போட்ட, வகிடெடுத்துப் படிய வாரிய, விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்ட முகம். யார் எடுத்தது என்று பார்ப்பதற்குள்ளேயே சிரித்துவிட்டாள். “சீக்கிரமா கூப்பிட்டுட்டேனோ?” என்றாள். பிறகுதான் பார்த்தாள். சிரிப்பு போகவில்லை, மரியாதையாக மாறியது. “நீங்க அண்ணிதானே? சொல்லியிருக்காரு. எந்தச் சட்டைன்னு நேத்தே கேட்டாரு, இன்னும் மாத்திக்கிட்டுதான் இருக்காரா?”

எத்தனையோ கோபக்காரர்களிடம் பொறுமையாகப் பேசியவள்தான். ஒரு வார்த்தையும் வரவில்லை.

“அண்ணி, கேக்குதா? என் பக்கம் சரியா இல்லையா?”

“கேக்குதும்மா. நல்லா கேக்குது.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “காலைல… தம்பி தவறிட்டாரும்மா.”

அந்தப் பெண்ணின் முகத்தில் துக்கம் கேட்பவரின் கவலை வந்தது. “அடடா. யாரோட தம்பி?” என்றாள். “உங்க தம்பியா?”

“இல்லம்மா. நம்ம… உன்கிட்ட பேசுவாரே. அவர்.”

அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். படம் நின்றுவிட்டதோ என்றுகூட இவளுக்குத் தோன்றியது. பிறகு அவள் கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையோ கைக்குட்டையோ தேடவில்லை. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, “நேத்து பேசினோமே,” என்றாள். வாதாடுவதுபோல இருந்தது குரல். “கேபிள் எல்லாம் இழுத்தாச்சுன்னு சொன்னாரே.”

“ஆமாம்மா. இழுத்துட்டாரு.”

“நல்லாத்தானே இருந்தாரு.”

“ஆமாம்மா.”

நாற்காலியில் அவர் தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். அவளைப் பார்க்கவில்லை. போனையும் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். யார் இது, எத்தனை நாளாக, உனக்கு முன்னமே தெரியுமா என்று எதையும் கேட்கவில்லை. கேட்பார் என்று அவள் முதுகு விறைத்து நின்றது.

“நான் அவரை நேர்ல பாத்ததில்ல,” என்றாள் அந்தப் பெண். “ஒரு போட்டோ அனுப்பியிருந்தாரு, அதுவும் கடையில எடுத்தது. பாதி முகம்தான் தெரியும். நாங்க இன்னைக்குத்தான்…” நிறுத்திக்கொண்டாள். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டாள். “ஒரு தடவை காட்டுறீங்களா? அங்க பெரியவங்க இருப்பாங்க. சரியா வராதுன்னா வேண்டாம்.”

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்துவிட்டிருந்தார். கையை நீட்டினார். “குடு,” என்றார்.

கொடுத்தாள். அவர் போனை முகத்துக்கு நேரே பிடித்தார். சீருடைச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“நான் அவனோட அண்ணன்,” என்றார்.

“தெரியும்,” என்றாள் அந்தப் பெண். “உங்களைப் பத்தித்தான் நிறையச் சொல்வாரு.”

அவர் தொண்டையைச் செருமினார். பிறகு, வாசலுக்கு வந்தவரை உள்ளே அழைப்பதுபோல, “வாம்மா,” என்றார்.

படியேறினார். அவள் பின்னாலேயே போனாள். மாடி அறையில் விசிறியை யாரோ நிறுத்தியிருந்தார்கள். அவர் கட்டிலருகே போய்க் குனிந்தார். போனில் பின்பக்கக் கேமராவுக்கு மாற்றும் வழி அவருக்குத் தெரியாது. திரையைத் தம்பியின் பக்கமாகத் திருப்பிவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் அவனுக்கு நேரே போனது. சரியாகத் தெரிகிறதா என்று கேட்கத் தயங்கி, பேருந்தின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் திருத்துவதுபோல இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். அப்புறம் அசைக்காமல் பிடித்துக்கொண்டார்.

அவள் கதவருகே நின்றாள். அவளுக்குக் கணவரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. போனிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவர் கை வலிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். மற்ற கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். போனை இறக்கவில்லை.